வள்ளியூர் பக்கம் வீட்டு மாடில சோலார் போடலாமா?

வள்ளியூர் பக்கந்தான் நம்ம வீடு, மாடி சும்மாதான் கெடக்கு. ரெண்டு மாசத்துக்கு 620 யூனிட் ஓடுது, பில்லு மூவாயிரத்துச் சொச்சம் வருது. சோலார் போடுதவங்க வந்து பாத்துட்டு 3 கிலோவாட் போடுங்க, ரெண்டு லட்சம் ஆகும், 78,000 மானியம் வரும்னு சொல்லுதாவ. கையில இருக்கது மகளுக்குன்னு சேத்து வச்ச காசு, அதான் பயமா இருக்கு. கரண்ட் போனா ஃபேனாவது ஓடுமா? போட்டவங்க சொல்லுங்க அண்ணாச்சி.

பணகுடிக்காரன்:
மொதல்ல அந்தக் கரண்ட் சந்தேகம். பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுத ஆன்கிரிட் சிஸ்டம்னா கரண்ட் போனதும் சோலாரும் நின்னுரும், நல்ல வெயில் அடிச்சாலும் அப்படித்தான், ஏன்னா லைன்ல வேல பாக்குதவங்க மேல கரண்ட் பாயக்கூடாதுல்லா. எனக்கு இத யாருமே சொல்லல, போட்டப்புறந்தான் தெரிஞ்சுது, மனசு ரொம்ப விட்டுப்போச்சு. ஃபேனுக்குப் பழைய இன்வெர்ட்டர் இருந்தா அத வித்துராதீங்க.

அடுத்து காத்து. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து ஆனி ஆடில எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், சும்மாவா இங்க கரண்ட் எடுக்குத காத்தாடி இம்புட்டு நிக்கி. கீழ துணி காயப்போட எடம் வேணும்னு ஸ்ட்ரக்சர ரொம்ப ஒசத்திக் கட்டாதீங்க, எவ்வளவு ஒசரமோ அவ்வளவு காத்து பிடிக்கும். நம்ம ஊருக்கு தெக்க பாத்து பத்து டிகிரி சாய்வு போதும். போல்ட்டு எறக்குன எடத்துல தண்ணி எறங்காம பூசச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க.

பாளை அக்கா:
3 கிலோவாட் எதுக்கு தங்கச்சி? ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு வச்சா 2 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்துல 480. உங்க 620ல அது போக 140, அதுலயும் 100 யூனிட் ஃப்ரீ. 500 தாண்டுதவங்களுக்குத்தான் ரேட்டு ஏறி அடிக்கும், அதக் கொறச்சாலே பாதி பாரம் எறங்கிரும். 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000, மூணாவதுக்கு 18,000தான் கூடுது. அதுவும் மொதல்ல முழுப் பணத்தையும் நாம கெட்டணும், மாட்டி மீட்டர் வச்சப்புறந்தான் அக்கவுண்ட்டுல ஏறும். இருநூறு யூனிட்டுக்குள்ள ஓடுத வீடுன்னா வேண்டாம்னே சொல்லிருவேன். இன்னொண்ணு, போர் தண்ணிய ஊத்தி பேனலக் கழுவாதீங்க, உப்புப் படிஞ்சு வெள்ளையாயிரும், ஆத்துத் தண்ணி இல்லன்னா மழத் தண்ணி.

கேட்டவங்க:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. தை மாசம் மக பேறுகாலத்துக்கு வாரா, ஏசி போடணும், அதான் 3ஆ 2ஆன்னு கொழப்பம்.

பாளை அக்கா:
அப்ப 3 போடுங்க. ராத்திரி ஓடுத ஏசிக்கும் பகல்ல நம்ம சோலார்ல மிஞ்சி ஈபி லைனுக்குப் போன யூனிட்டு பில்லுல கழியும். ஆனா நிழல பாத்தீங்களா?

கேட்டவங்க:
இப்பதான் மாடில ஏறிப் பாத்தேன், சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தென்ன நிழல் மேக்கு மூலையில விழுது. கெழக்க தள்ளி 300 சதுரடி கெடைக்குமான்னு நாளைக்கு டேப்பு வச்சு அளந்துட்டு சொல்லுதேன்.