சொரியாசிஸ்: மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அடங்கலைன்னா மாத்திரையா, ஊசியா?

உசிலம்பட்டியான்:
மாமாவுக்கு 46 வயசு, சொரியாசிஸ் (தோல் தடிச்சு செதில் உதிர்ற நோய்). அதை அடக்க வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, ஆறு மாசமாச்சு. முதுகும் முழங்காலும் அடங்கின பாடில்லை. மதுரையில தோல் டாக்டர் அப்ரெமிலாஸ்ட் மாத்திரை, இல்லேன்னா செகுகினுமாப் ஊசிங்கிறார். என்ன வித்தியாசம்? ஊசியை இந்த வெயில்ல பஸ்ல கொண்டுவந்தா கெடாதா?

மருந்துக்கடை_திருமங்கலம்:
அண்ணே, மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துல ஒரே நாள்தானே போடுறார்? தினம் போட்டா வாய்ப்புண் வரும், ரத்த அணு சரியும், உயிருக்கே ஆபத்து. காய்ச்சல்னு கோட்ரைமாக்ஸசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்துடக் கூடாது, ரெண்டுமே ஃபோலேட்ங்கிற பி வைட்டமினைத் தடுக்குற மருந்து.

அப்ரெமிலாஸ்ட்டை எடுத்த எடுப்புல 30 மி.கி. போடக் கூடாது. முதல் நாள் காலை 10 மி.கி. மட்டும், மறுநாள் காலை, சாயங்காலம் 10+10, அப்புறம் 10+20, 20+20, 20+30, ஆறாம் நாள்லருந்து 30+30. வயித்தால போகும், குமட்டும்; பெரும்பாலும் சில வாரத்துல தணியும். பலன் ஊசி அளவுக்கு இருக்காது.

தோல்_ஓபி:
செகுகினுமாப் ஊசி, அழற்சியைக் கிளப்புற ஐ.எல்-17ஏ-ங்கிற ஒரே புரதத்தைப் பிடிக்குது. அமெரிக்காவுல 2015-ல அனுமதி ஆச்சு. 300 மி.கி., 0, 1, 2, 3, 4-ம் வாரம், பிறகு 4 வாரத்துக்கு ஒண்ணு.

அதுக்கு முன்னாடி டி.பி. பார்த்தே ஆகணும்: மார்பு எக்ஸ்ரே, அதோட மாண்டூ (கையில தோலுக்குள்ள ஊசி போட்டு வீக்கம் பார்க்குற டெஸ்ட்) அல்லது இக்ரா (ரத்த டெஸ்ட்). மாண்டூ போட்டு 48-லருந்து 72 மணி நேரத்துக்குள்ள வந்து காட்டணும். வெள்ளிக்கிழமை போட்டுட்டு ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை யார் பார்க்கிறது? திங்கள், செவ்வாயில போடுங்க. இக்ராவுக்கு ஒரு தடவை ரத்தம் குடுத்தா போதும், அலைச்சல் இல்லை. ஹெபடைடிஸ் பி, சி-யும் பாருங்க. மலத்துல ரத்தம், நாள்பட்ட வயித்துப்போக்கு இருந்தா மறைக்காம சொல்லணும். குடல் அழற்சி இருந்தா இந்த ஊசி அதைக் கிளப்பிவிடலாம்.

மருந்துக்கடை_திருமங்கலம்:
பஸ் விஷயம். ஊசியை 2-லருந்து 8 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும். வெயிலை விட ஐஸ்தான் அதிகம் கெடுக்கும்: ஜெல் பேக் மேலேயே பெட்டியை வெச்சா ஊசி உறைஞ்சிடும், உறைஞ்சது இளகினாலும் குப்பைதான். நடுவுல ஒரு துண்டைச் சுத்துங்க, அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீங்க. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஏறினதும் மடியில வெச்சுக்கோங்க, இன்ஜின் பக்கம் வேணாம். வீட்டுல ஃப்ரிட்ஜ் நடுத்தட்டு. போடுறதுக்கு அரை மணி முன்னாடி எடுத்து வெளியே வைங்க, சுடுதண்ணியில முக்காதீங்க, குலுக்காதீங்க.