வலிகாமத்துச் செம்மண்ணில் ஆங்கிலேயப் பூந்தோட்டம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

வளவுக்காரி:

வணக்கம் உறவுகளே. கோப்பாய்ப் பக்கம் வளவு. கிழக்குப் பார்த்த மதில், 40 அடி நீளம், 6 அடி உயரம். மதிலடியில் 8 அடி அகலத்துக்கு வெறும் செம்மண். கிணற்றுத் தண்ணீர் உவர் இல்லை. ஆனால் கேத்திலில் வெள்ளையாகப் படை பிடிக்கும்.

ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில், எழுத்தாளர் வீற்றா சாக்வில்-வெஸ்ற் போன்றவர்கள் போட்ட மாதிரி நீளப் பூப்பாத்தி ஒன்று போட விருப்பம். லவண்டர், டெல்ஃபினியம் (உயரமான நீலப் பூச்செடி), பழைய ரோசா எல்லாம் இங்கே வருமா? முன்னால் புல்லும் போடலாமா? இந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கள் தோட்டத்தில் உண்மையில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து அப்படியே வைக்க விருப்பமில்லை.

கிளுவை:

புல்லை முதலில் விட்டுவிடுங்கள், தங்கச்சி. வீட்டு வாசல்வரை புல்வெளி வரும் பாணி 18ஆம் நூற்றாண்டுக்குரியது. தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கெண்ட் தொடக்கி, அவருக்குப் பின் வந்த கேப்பபிலிற்றி பிறவுண் (1716–1783) இங்கிலாந்து முழுக்கப் பரப்பினார். அங்கே புல்லை மேய்ந்து கட்டையாக வைத்தவை ஆடும் மாடும்தான். அவை வீட்டடிக்கு வராமல் இருக்க ‘ஹா-ஹா’ என்ற பள்ளம் வெட்டினார்கள். ஒரு பக்கம் செங்குத்தான கல்மதில், மறுபக்கம் சரிவு, வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது. அந்த நாட்டில் கோடையிலும் மழை தூறும். இங்கே 1000 சதுர அடிப் புல்லுக்குச் சித்திரை வெயிலில் நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் 460 லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டும். சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நல்ல தண்ணீரைப் புல்லுக்குக் கொட்டுவது சரியில்லை. இடத்தின் இயல்பைக் கேட்டுச் செய் என்று கவிஞர் அலெக்சாண்டர் போப் 1731இல் பேர்லிங்டன் பிரபுவுக்கு எழுதிய கவிதைக் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறார். கோப்பாயில் அந்த இயல்பு புல்லைக் கேட்கவில்லை.

ஜீக்கில் (1843–1932) உங்களுக்குச் சரியான ஆள். ஓவியம் படித்தவர். கிட்டப்பார்வை மோசமாகி நுணுக்கமான வேலை முடியாமல் போனபோது, நிறங்களை வைக்கும் அறிவை அப்படியே மண்ணுக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் சறே பகுதியில், மன்ஸ்ரெட் வூட் என்ற தன் வீட்டில் அவர் போட்ட பெரிய பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் நீலம், சாம்பல் இலை, வெள்ளை, வெளிர்மஞ்சள். நடுவை நோக்கி மஞ்சள் தடித்து, செம்மஞ்சளாகி, நடுவில் சிவப்பு. அதிலிருந்து மீண்டும் மஞ்சளுக்கு இறங்கி, மறுமுனையில் ஊதாவும் சாம்பலும். நீலத்தையும் சாம்பலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்து வரும் மஞ்சள் கூடுதலாக ஒளிரும். அந்த ஒழுங்கு எந்த நாட்டுப் பூவுக்கும் பொருந்தும்.

உங்கள் மதிலிலிருந்து ஒன்றரை அடி விட்டு 6 அடி அகலத்தில் பாத்தி போடுங்கள். அந்த இடைவெளி பின்வரிசைச் செடியைக் கவ்வாத்துப் பண்ண நடந்துபோகும் வழி. ஜீக்கிலும் அப்படித்தான் விட்டார். முதல் 8 அடிக்குப் பின்னால் நீலப் பிளம்பாகோ (இரண்டரை அடிக்கு ஒன்று), மூலையில் சாம்பல் இலைக்கு ஒரு எருக்கலை, முன்னால் வெள்ளை நித்தியகல்யாணி (ஒரு அடிக்கு ஒன்று). எருக்கலையை மாசியில் 4 அடிக்கு வெட்டுங்கள், பால் கண்ணில் படக்கூடாது. அடுத்த 8 அடிக்கு வெளிர்மஞ்சள் செவ்வரத்தையும் மஞ்சள் கொஸ்மோஸும். நடு 10 அடியில் சிவப்புக் கல்வாழை, சிவப்புச் செவ்வரத்தை, செங்குரோட்டன், விளிம்பில் கனகாம்பரம். பிறகு 6 அடிக்கு மஞ்சள் மேரிகோல்ட். கடைசி 8 அடியில் வாடாமல்லிகை, ஊதா டிசெம்பர்ப்பூ, இன்னொரு எருக்கலை. கருஞ்சிவப்புப் போகன்விலாவை இந்த மதிலில் ஏற்றாதீர்கள்; நடுவிலுள்ள செம்மஞ்சளை அது கொன்றுவிடும்.

ஒரு இனத்தில் ஒவ்வொன்றாக நடாமல் 5 முதல் 7 கண்டுகளை ஒரு கூட்டமாக, 5 அடி நீளம், 2 அடி அகலத்தில், பாத்திக்குக் குறுக்குச் சாய்வாக நடுங்கள். வட்டமாக நட்டால் பூ முடிந்ததும் ஓட்டை தெரியும். சாய்ந்த நீளக் கூட்டம் என்றால் பக்கத்துச் செடி அதை மூடும். அப்படியும் ஓட்டை விழுந்தால் ஜீக்கில் சாடியில் வளர்த்து வைத்திருந்த செடியைச் சாடியோடு இறக்கிவிடுவார். உங்களுக்கு நான்கைந்து கல்வாழைச் சாடி பின்வளவில் இருந்தால் போதும்.

டெல்ஃபினியம் இந்த வெக்கையில் நிற்காது, தேட வேண்டாம்.

செம்மண்:

கிளுவை அண்ணை நிறத்தைச் சொல்லிவிட்டார். நான் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வருகிறேன், ஏனென்றால் உங்கள் பாத்தி அங்கேதான் கெடும்.

செவ்வரத்தையின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அது இரும்புக் குறை. செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதே இரும்புதான், ஆனாலும் செடி பட்டினி கிடக்கும். கிணற்றுத் தண்ணீரிலுள்ள பைகாபனேற்று மண்ணின் காரத்தன்மையை ஏற்றி இரும்பைப் பூட்டிவிடுகிறது. பெரஸ் சல்பேற்றை மண்ணில் போட்டால் சில நாளிலேயே பயனில்லாமல் போகும். லீற்றருக்கு 5 கிராம் கரைத்து, சிறிது தேசிக்காய்ப்புளி விட்டு, பின்னேரம் வெயில் தணிந்தபின் இலைக்கு விசிறுங்கள். மண்ணுக்குத்தான் வேண்டும் என்றால் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு வாங்குங்கள். மலிவான ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, முதலில் செவ்வரத்தைக்குக் கொடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய இன்னொருவர் தோட்டக்காரி பெத் சற்றோ. இங்கிலாந்தின் வறண்ட மூலை எசெக்ஸ். வருட மழை 500 மி.மீ. அளவு. கார் நிறுத்தும் இடமாக இருந்த பருக்கைத் தரையை 1990களின் தொடக்கத்தில் ஆழமாகக் கிளறி, உக்கிய எரு கலந்து, நட்ட நாளில் மட்டும் தண்ணீர் விட்டு, மேலே சல்லி பரப்பினார். பிறகு தண்ணீரே இறைக்கவில்லை. அவருக்குப் பல செடிகளைக் கொடுத்துப் பழக்கியவர் ஓவியர் செட்ரிக் மொறிஸ். தூரிகை பிடித்த அதே கையால் ஐரிஸ் இனங்களைக் கலந்து புதிது புதிதாக உருவாக்கியவர்.

சற்றோவின் முறையை அப்படியே எடுக்க முடியாது. அங்கே மழை குறைவு, ஆனால் வருடம் முழுக்கப் பரந்து பெய்யும். நமக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை, பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள். வேர் முதலில் மூழ்கும், பிறகு வேகும். லவண்டர் வெயிலில் தப்பினாலும் கார்த்திகையில் வேரழுகிச் சாவது இதனால்தான். ஆகவே பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து 8 அங்குலம் உயர்த்துங்கள். அலவாங்கால் குத்திப் பாருங்கள். ஒரு அடிக்குள் கல் தட்டினால் கல்லை உடைக்காமல் பாத்தியை இன்னும் உயர்த்துவது மேல்.

240 சதுர அடிக்கு 3 அங்குலம் உக்கிய மாட்டெரு என்றால் 60 கன அடி, அதாவது அரைக் கியூப்பை (ஒரு கியூப் 100 கன அடி) விடக் கொஞ்சம் கூட. மேலே 2 அங்குலச் சல்லிக்கு 40 கன அடி. உள்ளூர் வெள்ளைச் சுண்ணக்கல் சல்லி அழகுதான், ஆனால் மழையில் கரைந்து சுண்ணாம்பைக் கூட்டும். கருங்கல் சல்லி கேட்டு வாங்குங்கள். காசு கூடினால் பூவரசு இலையும் சருகும் போடலாம். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் கறையான் ஏறும். ஐப்பசி முதல் மழையோடு பல்லாண்டுச் செடிகளை நடுங்கள். கொஸ்மோஸ், மேரிகோல்ட் விதையைப் பெருமழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசியில் போடுங்கள்.

வளவுக்காரி:

இருவருக்கும் மிக்க நன்றி. வீற்றாவின் வெள்ளைத் தோட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அக்காவுக்குக் காரைநகரில் கடலோரமாக ஒரு துண்டுக் காணியும் இருக்கிறது. அங்கே எதுவும் நிற்பதில்லை.

உப்புக்காற்று:

காரைநகர்க் காணிக்கு டெரெக் ஜார்மனைப் பாருங்கள். திரைப்பட இயக்குநர், ஓவியர். 1986இல் இங்கிலாந்தின் கெண்ற் கரையில் டஞ்சனெஸில் ஒரு மீனவர் குடிசையை வாங்கி, 1994இல் இறக்கும்வரை அங்கே தோட்டம் செய்தார். நிலம் முழுக்கக் கூழாங்கல், பக்கத்தில் அணுமின் நிலையம், ஓயாத உப்புக் காற்று. கல்லை விலக்கிக் குழி எடுத்து, அதற்குள் எரு நிரப்பி நட்டார். கரையில் தானாக நின்ற செடிகளையே முதன்மையாக வைத்து, கடல் ஒதுக்கிய கட்டைகளை நட்டுவைத்தார். அக்காவின் காணியில் அந்த இடம் அடம்பன் கொடிக்கும் தாழைக்கும் உரியது. சோளகக் காற்று வீசும் பக்கத்தில் பூவரசு நட்டு, அதன் மறைப்பில் நித்தியகல்யாணி, அலரி வையுங்கள். அலரி நஞ்சு, குழந்தைகள் இருந்தால் தவிருங்கள். ஜார்மன் வேலி போடவில்லை. நீங்கள் கட்டாயம் போடுங்கள், கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு கண்டையும் விடாது.

வீற்றாவும் கணவர் ஹரல்ட் நிக்கல்சனும் கெண்ற்றில் சிசிங்ஹேர்ஸ்ற் என்ற பழைய மாளிகைக் காணியை வாங்கியது 1930இல். நேர்கோடுகளையும் சந்திகளையும் ஹரல்ட் வரைந்தார், அந்தக் கட்டங்களுக்குள் வீற்றா தாராளமாக நிரப்பினார். வெள்ளைப் பூவும் சாம்பல் இலையுமாக வைத்த வெள்ளைத் தோட்டம் அங்கே 1950ஐ ஒட்டி வந்தது. அந்தி வெளிச்சத்தில் பார்க்கத்தான் அதை நினைத்தார். பகல் வெயிலில் வெளியே நிற்க முடியாத நமக்கு அவருடைய தோட்டங்களில் மிகப் பொருத்தமானது இதுதான். நந்தியாவட்டை, மல்லிகை, வெள்ளைத் தேமா, வெள்ளெருக்கு, பவளமல்லிகை எல்லாம் இருக்கிறதே! மதில் பாத்திக்குள் கலக்காமல் விறாந்தை முன்னால் தனியாக வையுங்கள்.

எழுத்தாளர்களைக் கேட்டீர்கள். லெனாட் வூல்ஃப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் சிவில் சேவையில் இருந்தவர், கோட்டை மதிலின்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார். அவரும் மனைவி, நாவலாசிரியை வேர்ஜினியா வூல்ஃபும் 1919இல் இங்கிலாந்தின் றொட்மெல் கிராமத்தில் மொங்ஸ் ஹவுஸ் என்ற வீட்டை வாங்கினார்கள். மண்ணில் கை வைத்தவர் பெரும்பாலும் லெனாட்: பழமரம், குளம், கண்ணாடி வீட்டில் கள்ளிகள். வேர்ஜினியா எழுதியது தோட்டத்து ஓரத்து மரக்கொட்டிலில். அவர் இறந்தபின்னும் 1969 வரை லெனாட் அதே தோட்டத்தில் இருந்தார்.

கிளுவை:

ரோசா விடுபட்டுவிட்டது. சிசிங்ஹேர்ஸ்ற்றில் ரோசாவின் நீளக் கொப்புகளை, மண்ணில் குத்திய வளைந்த ஹேசல் கம்புகளில் கிடையாகக் கட்டுவார்கள். நிமிர்ந்த கொப்பு நுனியில் மட்டும் பூக்கும். வளைத்தால் ஒவ்வொரு கணுவிலும் முளைத்துப் பூக்கும். மலைநாட்டிலிருந்து வரும் ரோசாக் கண்டுகளை நம்பிக் காசு போடாமல், உங்கள் ஊரில் ஏற்கனவே பூக்கிற ரோசாவில் பதியம் எடுத்து இதைச் செய்யுங்கள். போகன்விலாவுக்கும் இது பலிக்கும், வேறு மதிலில். வளைக்க மூங்கில் சிலாகை எடுங்கள். பச்சைக் கிளுவைத் தடி குத்தினால் அது வேர்விட்டுப் பாத்திக்குள் வேலியாகிவிடும்.