பொருள்: "கண்டறிதல்" ஒன்று போதாது – இனங்காணல், உசாவல், கையேற்பு

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் தமிழாக்கத்தில் டிடெக்ட் (சாதனம் இருப்பதைக் காண்பது), ப்ரோப் (அதை விசாரிப்பது), பைண்ட் (அதைப் பொறுப்பில் எடுப்பது) மூன்றுக்கும் "கண்டறிதல்" என்றே போட்டுவிடலாம் என்று போன மடலில் வந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. சொற்கள் கூடினால் படிப்பவருக்குச் சுமை என்பது உண்மைதான். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பள்ளிக்கூடங்களில் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்து வருகிறேன், அந்த ஒரு சொல்லால்தான் பிள்ளைகள் பிழையான இடத்தில் போய்த் தேடுகிறார்கள்.

ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிளைக் கொழுவியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது, இரண்டும் நான்கு நான்கு இலக்கமாக, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையில் தெரியும். இதற்கு டொங்கிளுக்கான செலுத்தி (டிரைவர்) எதுவுமே தேவையில்லை, யூஎஸ்பி தடம் (சாதனங்கள் இணையும் பாதை) தானாகவே இதைச் செய்துவிடும். அப்புறம்தான் சாதனங்களைக் கவனிக்கிற யூடெவ் என்ற நிரல் அந்த எண்களை வைத்து, மாற்றுப்பெயர்ப் பட்டியலில் பொருந்துகிற கூறைத் (செலுத்தி அடங்கிய மாட்யூலை) தேடிக் கருனியில் (கெர்னலில்) ஏற்றுகிறது. ஏற்றினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. செலுத்தி சாதனத்தை விசாரித்துப் பார்த்து, இது என்னுடையதுதான் என்றால் 0 என்று திருப்பும், இல்லையென்றால் பெரும்பாலும் மைனஸ் 19 (அப்படிச் சாதனம் இல்லை என்ற பிழை எண்) என்று திருப்பிவிட்டு ஒதுங்கிவிடும், அதைப் பற்றிக் கருனியின் பதிவைக் காட்டும் டி-மெசேஜில் ஒரு வரிகூட வராமல் போகலாம். ஆக எண்ணைப் படிப்பது, கூறை ஏற்றுவது, செலுத்தி விசாரித்துப் பொறுப்பெடுப்பது என்று மூன்று கட்டங்கள், மூன்றிலும் தனித்தனியாகப் பிழை வரலாம். இத்தனைக்கும் சேர்த்து "சாதனம் கண்டறியப்பட்டது" என்று ஒரே வரி.

மல்லாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தரப் பிள்ளை ஒருத்தி இந்த வரியைப் பார்த்துவிட்டு, கணினி கண்டுபிடித்துவிட்டது, அப்படியானால் டொங்கிள்தான் பழுது என்று முடிவெடுத்து, பஸ் ஏறிப் போய் இன்னொன்று வாங்கி வந்தாள். அதுவும் அதே சில்லு (சிப்). டி-மெசேஜைத் திறந்து பார்த்தோம், நிலைப்பொருள் (ஃபெர்ம்வேர், சாதனத்துக்குள் ஏற்றும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை, மைனஸ் 2 என்று கிடந்தது. மைனஸ் 2 என்றால் கோப்பே இல்லை என்று அர்த்தம். அந்தக் கணினியில் இருந்தது பழைய டெபியன் (ஒரு லினக்ஸ் வகை), நிறுவும்போது சுதந்திரமற்ற (மூலநிரல் திறந்து தரப்படாத) நிலைப்பொருள் தொகுப்புகள் சேராத காலத்தது. (டெபியன் உருவாக்குநர்கள் இதுபற்றி நடத்திய 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு டெபியன் 12இலிருந்து நிறுவி வட்டிலேயே அவை வருகின்றன, 2023 ஜூனில் வெளியானது, பெரிய நிம்மதி.) ஒரு தொகுப்பை நிறுவியதும் பழைய டொங்கிளும் வேலை செய்தது, புதியதும் செய்தது. அந்தக் காசு வீண். செய்தி சரியாக இருந்திருந்தால் அவள் பஸ் ஏறியிருக்கவே மாட்டாள்.

இங்கே ஆட்கள் உதவி கேட்டு வரும்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அண்ணை, காட்டுது, ஆனா வேலை செய்யுதில்லை." காட்டுவதும் வேலை செய்வதும் வேறுவேறு என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரிகிறது. நம் மொழிபெயர்ப்பில்தான் இரண்டும் ஒன்றாகக் கிடக்கிறது.

என் முன்மொழிவு இதுதான். தடம் சாதனத்தின் எண்ணைப் படிப்பதற்கு இனங்காணல். இலங்கைச் செய்தித்தாளில் அன்றாடம் வருகிற சொல், தமிழ்நாட்டாருக்கும் விளங்கும். செலுத்தி விசாரிப்பதற்கு உசாவல், வினவலை ஏற்கெனவே தரவுத்தளக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், உசாத்துணை என்று நாம் எழுதுகிறோம்தானே, அந்த உசா. செலுத்தி சாதனத்தைத் தன் பொறுப்பில் எடுப்பதற்குக் கையேற்பு.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் மறுப்பு வரும் என்று தெரியும். பிணைப்பு என்று எளிதாக வைக்கலாமே என்பார்கள். நிரல் தொகுப்பில் லிங்க் செய்வதற்கும் பலர் பிணைப்பு என்றுதான் எழுதுகிறார்கள், தவிர எங்கள் பக்கம் பிணை என்றால் முதலில் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். கொழுவுதல் எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது கையால் செருகுகிற வேலைக்கே வேண்டும், அதை இதற்குச் செலவழிக்கக் கூடாது. கையேற்புக்கு இன்னொரு வசதி, மறுபக்கச் சொல் தயாராக இருக்கிறது. கையளிப்பு. காணி கையளிப்பு, வீடு கையளிப்பு என்று வன்னியில் இதைக் கேட்காத ஆள் இல்லை. கருனியின் சிஸ் கோப்பகத்தில் செலுத்தி ஒவ்வொன்றுக்கும் கீழே பைண்ட், அன்பைண்ட் என்று இரண்டு கோப்புகள் வழக்கமாக இருக்கும், சாதனத்தின் முகவரியை இரண்டாவதில் எழுதினால் செலுத்தி அதை விட்டுவிடும், முதலாவதில் எழுதினால் திரும்ப எடுத்துக்கொள்ளும். கையளிப்பு, கையேற்பு என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

ஏற்று என்பதும் கையேற்பு என்பதும் குழம்பாதா? குழம்பாது. கூறை ஏற்றியது, சாதனத்தைக் கையேற்றது. கூறு ஏறியிருந்தும் சாதனத்தைக் கையேற்காத நிலை உண்மையில் உண்டு, பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-பிசிஐ கட்டளையைக் கே என்ற தெரிவுடன் கொடுத்தால் அந்தச் சாதனத்துக்குப் பொருந்தக்கூடிய கருனிக் கூறின் பெயர் ஒரு வரியில் இருக்கும், பயன்பாட்டிலுள்ள செலுத்தி என்ற வரி மட்டும் இருக்காது. அதைத் தமிழில் சொல்லவும் நமக்கு இந்த இரண்டு சொற்களும் வேண்டும்.

செலுத்தியா இயக்கியா என்ற பழைய சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாம், எது முடிவானாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. பழைய 3ஜி டொங்கிள்கள் பல முதலில் சிடி தட்டாகத் தங்களைக் காட்டிக்கொள்ளும், மோட்ஸ்விட்ச் என்ற கருவி ஒரு கட்டளை அனுப்பிய பிறகுதான் மோடமாக மாறும், ஹுவாவே டொங்கிள்கள் சிலவற்றில் பொருள் எண் 1446 என்று இருந்தது 1001 என்று மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பி இணைப்பு வராத கிராமங்களில் இவற்றைப் பயன்படுத்தி வந்தார்கள். இதை "மறு இனங்காணல்" என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறேன், தனிச்சொல் தேவையில்லை. வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மாற்ற வேண்டிய வரிகளை நான் எழுதித் தருகிறேன். முதலில் இவை இரண்டு: "சாதனம் இனங்காணப்பட்டது, எந்தச் செலுத்தியும் இதைக் கையேற்கவில்லை." "செலுத்தி கையேற்க முயன்றது. நிலைப்பொருள் கோப்பு கிடைக்கவில்லை." இரண்டாவதில் கோப்பின் பெயரையும் அப்படியே காட்டிவிட வேண்டும், அது இல்லாவிட்டால் எந்தத் தொகுப்பை நிறுவுவது என்று யாருக்கும் தெரியாது. நிறுவியின் தமிழ்க் கோப்பைப் பராமரிக்கிறவர்கள் இவை இரண்டையும் முதலில் போட்டுப் பாருங்கள், வரி நீளம் சின்னத் திரையில் வெட்டுப்படுகிறதா என்று பார்த்துச் சொன்னால் சுருக்கித் தருகிறேன்.