கதவைச் சாத்தினால் கிருமி நிற்குமா?

ஒற்றைத்திண்ணை:
தொற்று என்றதும் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது ஆளைப் பிடித்து உள்ளே போடுவதுதான். 1377இல் ரகூசா, அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக் துறைமுக நகரம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் ஒதுக்கி வைத்தது. பிறகு அது 40 ஆனது. 'குவாரன்டைன்' என்ற சொல்லே இத்தாலிய மொழியின் நாற்பதிலிருந்து வந்ததுதான். அந்த 40க்குக் கிருமி பற்றிய கணக்கு எதுவும் கிடையாது. 600 வருஷம் கழித்தும் அதே வைத்தியமா?

மூன்றாம்வாசல்:
அன்று இல்லாத கணக்கு இன்று இருக்கிறது. கிருமி நுழைந்த நாளிலிருந்து அறிகுறி தெரியும்வரை எபோலாவுக்கு 2 முதல் 21 நாள் ஆகும். தொடர்பில் இருந்தவரை 21 நாள் கண்காணிப்பது அதனால்தான். இன்னொன்று: நோயாளியைப் பிரித்து வைப்பது வேறு, அவரோடு பழகி இன்னும் நன்றாக இருக்கிற ஆளை ஒதுக்கி வைப்பது வேறு. தமிழில் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதித் தொலைக்கிறோம். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒற்றைத்திண்ணை:
சரி, நன்றாக இருக்கிற ஆளைப் பற்றியே பேசுவோம். 2020 பிப்ரவரி, கோவிட் நேரம். ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திய டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர். பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊழியர்களோ சமைத்து, அறை அறையாகத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரவு ஒரே அறையில் இரண்டு பேராகப் படுத்தார்கள். அவர்களுக்கு அது ஒதுக்கலே இல்லை, வழக்கமான வேலைநாள். கடைசியில் 712 பேருக்குத் தொற்று.

மூன்றாம்வாசல்:
அதில் கணிசமானவர்களுக்கு ஒதுக்கல் தொடங்கும் முன்பே தொற்றிவிட்டது. அதைக் கழிக்காமல் கணக்குப் போடாதீர்கள். ஊழியர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

கடைசிபெஞ்சு:
கப்பல்னா இதையும் கேளுங்க. 1918 நவம்பர் 7, ஆக்லாந்திலிருந்து தலூன்னு ஒரு கப்பல் பசிபிக் தீவான மேற்குச் சமோவாவுக்கு வந்தது. உள்ளே காய்ச்சல்காரங்க இருந்தும் இறங்க விட்டாங்க. கொஞ்ச நாள்லயே அஞ்சுல ஒருத்தர் ஃப்ளூவில் போய்ட்டாங்க. பக்கத்துல அமெரிக்கச் சமோவா. அங்கே ஆளுநர் போயர் துறைமுகத்தை அடைச்சார். ஒரு சாவு இல்லை.

ஒற்றைத்திண்ணை:
தீவுக்கு நாலு பக்கமும் கடல் காவல் நிற்கிறது, அண்ணே. 2014 ஆகஸ்ட், எபோலா நேரம். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியையே வளைத்து அடைத்தார்கள். சோற்றுக்குப் பரிதவித்த மக்கள் தடுப்பை மீற, படையினர் சுட்டதில் ஒரு பையன் செத்தான். பத்து நாளில் தடுப்பை எடுத்துவிட்டார்கள். 1900இல் சான்பிரான்சிஸ்கோ பிளேக் இன்னும் கேவலம். சீனர் குடியிருப்பைக் கயிறு கட்டி அடைத்தவர்கள், அந்தப் பக்கத்து வெள்ளையர் கட்டடங்களை மட்டும் கயிற்றை வளைத்து வெளியே விட்டார்கள். நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது.

மூன்றாம்வாசல்:
அந்த இரண்டுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. யார் யாரோடு இருந்தார் என்று விசாரித்து ஆளை ஒதுக்குவதைத்தான் சொல்கிறேன். 2003இல் பரவிய சார்ஸ் என்ற மூச்சு நோயை எடுங்கள். தடுப்பூசி இல்லை, குறிப்பான மருந்தும் இல்லை. ஆனால் நோயாளி பெரும்பாலும் அறிகுறி வந்த பிறகுதான் பரப்பினார். பிரித்தும் ஒதுக்கியும் சுமார் 8,100 பேரோடு நிறுத்த முடிந்தது. கோவிட் அறிகுறிக்கு முன்பே பரவியது, அதே ஆயுதம் மழுங்கியது. நோயைப் பார்க்காமல் ஆயுதத்தைத் திட்டுவதில் பயனில்லை.

இரவுப்பணி:
நான் செவிலியர். கோவிட் வார்டிலிருந்து வந்து 14 நாள் வீட்டு அறையில் இருந்தேன். எல்லோருக்கும் ஒரே குளியலறை. ஒவ்வொரு முறையும் சன்னலைத் திறந்து விட்டு, குழாய், தாழ்ப்பாள், விளக்கு சுவிட்ச் எல்லாம் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். எட்டாம் நாள் மகள் கதவுக்கு அடியில் விரலை நீட்டி, "தொடும்மா" என்றாள். தொடவில்லை. எனக்குச் சம்பளம் வந்தது, அதனால் இருக்க முடிந்தது. அதே வார்டில் துப்புரவு வேலை பார்த்தவருக்கு நாள்கூலி. நாலாம் நாளே வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒற்றைத்திண்ணை:
மூன்றாம்வாசல், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம்வாசல்:
கூலி கொடுக்காமல் 14 நாள் இரு என்றால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். கூலியோடு சேர்த்துத்தான் உத்தரவு போட வேண்டும்.

ஒற்றைத்திண்ணை:
அந்தக் கூலி யார் பையிலிருந்து வரும் என்று எழுதுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.