மூலிகை மருந்தும் ஹோமியோபதியும் ஒன்றா?

கேள்வி (செங்கோட்டை): இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்ணும் என் அம்மா, புனலூரில் வாங்கிய கஷாயத்தையும் ஹோமியோ உருண்டைகளையும் ஒன்றாகவே கருதுகிறார். இரண்டும் ஒன்றுதானா?

பதில் (குமுளி): இல்லை, அண்ணாச்சி. எடுத்துக்காட்டாக, ஆடாதோடைக் கஷாயத்தில் இலையிலுள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருள் உண்மையாகவே இருக்கிறது. சளியிளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை அதை அடியொற்றி உருவானதே. ஹோமியோபதியோ 1796இல் ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் முன்வைத்த முறை. குப்பியில் 30சி என்றிருந்தால், நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது என்று பொருள். 12சியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது. மூலப்பொருளும் செடியாகவே இருக்க வேண்டியதில்லை. தேனீயும் பாஷாணமும்கூட உண்டு.

பதில் (பாறசாலை): ஆகவே, அம்மாவுக்குக் கஷாயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பூண்டு, இஞ்சி செறிந்தவை வார்ஃபரினோடு சேர்ந்து இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ஹோமியோபதியில் தாய்த்திராவகம் (மதர் டிங்க்சர்) எனப்படும் நீர்க்காத மூலச்சாற்றையும் அவ்வாறே கருதுங்கள். குப்பிகளை மருத்துவரிடம் காட்டாமல் எதையும் கொடுக்க வேண்டாம். வார்ஃபரினையும் தாமாக நிறுத்த வேண்டாம்.