புராஸ்டேட் கேன்சர் மறுவருகை: மார்க்கர் ரிப்போர்ட் ஏமாற்றிய இடங்கள் (நாலு துறைக்காரங்க பேச்சு)

சீரம்:
புராஸ்டேட் முழுசா எடுத்தவர். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கிற புரதம், எடுத்த பிறகு ரத்தத்துல ஏறினா கேன்சர் திரும்புதோன்னு சந்தேகம்) 0.19, அப்புறம் 0.23, மூணாவது 0.18. "குறைஞ்சிடுச்சு டாக்டர்"னு மகள் ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்கிறாங்க. ரிப்போர்ட் அடியில பொடி எழுத்தைப் பார்த்தா லேப் வேற. முதல் ரெண்டும் ஹைபிரிடெக் அளவீடு, மூணாவது உலக சுகாதார அமைப்பின் 96/670 அளவீட்டுத் தரம். பின்னது 20-25 சதவீதம் குறைவாத்தான் காட்டும். பழைய லேப்லயே திரும்பப் போட்டதும் 0.26. பாக்ஸ் பிரிக்காமலே மேஜையில இருந்தது.

பயோகெம்:
மெஷின் ஒண்ணா இருந்தாலும் ஏமாத்தும். டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிற ஹார்மோன் ஊசியில இருந்த ஒருத்தருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருக்கு, பிஎஸ்ஏ இறங்கியிருக்கு. எப்படிப் பொருந்தும்? முடி கொட்டுதுன்னு தினம் 10 மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின்! ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினைப் பிடிச்சுக்கிற புரதம்) வெச்ச கிட்ல அது இடத்தைப் பிடிச்சுக்கும். பிஎஸ்ஏவை ரெண்டு ஆன்டிபாடி நடுவுல பிடிக்கிற சாண்ட்விச் ஒட்டாம கழுவிப் போயிடும், எண் குறையும். டெஸ்டோஸ்டிரோன் போட்டி முறைங்கிறதால (சிக்னல் குறைஞ்சா எண் கூடும்) நேர் எதிரா ஏறும். 72 மணி நேரம் நிறுத்திட்டு எடுங்க. கிட்னி சரியில்லாதவங்களுக்கு இன்னும் அதிக நாள்.

மைக்ரோடோம்:
ரெண்டு பேரும் ரத்தத்தையே சுத்துறீங்க. பிஎஸ்ஏ, வந்த பிறகு சொல்றது. வருமான்னு முன்கூட்டிக் கேட்டா திசுவுலதான் பார்க்கணும்: பிடென் (கட்டியை அடக்குற புரதம்), கேஐ-67 (செல் பெருகுறதைக் காட்டும் புரதம்).

ஒரு ஸ்லைடு. கேன்சர் சுரப்பிகள் வெளுத்துக் கிடக்கு, "பிடென் இழப்பு"ன்னு எழுதியாச்சு. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவரும் வெளுப்பு. அது பழுப்பா இருந்தே ஆகணும். இழப்பு இல்ல, சாயமே ஏறல.

பெரும்பாலும் ஃபார்மலின் கோளாறுதான். முழு புராஸ்டேட்டைச் சின்ன டப்பாவுல அமுக்கினா நடுப்பகுதிக்கு மருந்து போகாது. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே பெரிசு. 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலின், திசுவைப் போல குறைஞ்சது பத்து மடங்கு. உள்ள ஊசியாலயும் ஏத்துங்க. வெட்டி மாசக்கணக்கா அலமாரியில கிடந்த ஸ்லைடுல சாயம் போடாதீங்க, புதுசா 4 மைக்ரான் வெட்டுங்க. சுத்தியிருக்கிற ஸ்ட்ரோமா (சுரப்பிகளுக்கு இடையில உள்ள திசு) பழுப்பா இருந்தா மட்டும் சுரப்பியைப் படிங்க. ஒரு இடத்துல இருக்கு, இன்னொரு இடத்துல இல்லைன்னா ஃபிஷ் (ஜீன் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்) போட்டு உறுதி பண்ணுங்க. ஒரே பயாப்சி கோர்ல (ஊசியில எடுத்த துண்டு) "இருக்கு"ன்னு வந்ததை நம்பி உட்காரவும் கூடாது, இழப்பு திட்டுத் திட்டாத்தான் இருக்கும்.

கதிரறை:
விதை வெச்ச கதிர்வீச்சு. பிஎஸ்ஏ இறங்கின அடிமட்டம் 0.4. 18வது மாசம் 1.3. ஹார்மோன் ஊசி சிரிஞ்சுல ஏத்தியாச்சு, அப்பத்தான் பழைய சார்ட் வந்துச்சு. ஃபீனிக்ஸ் கணக்குல (கதிர்வீச்சுக்கு அப்புறம் மறுவருகையைச் சொல்ற விதி) அடிமட்டத்தோட 2, அதாவது 2.4 தாண்டணும். மூணு மாசம் கழிச்சு 0.9, அப்புறம் 0.5. வெறும் துள்ளல். ஊசி போட்டிருந்தா அதாலதான் இறங்குச்சுன்னு எல்லாரும் நம்பியிருப்போம்.

சீரம்:
மைக்ரோடோம், ஃபார்மலின் பாடம் யாரும் கேட்கல. 0.26 ஆளுக்கு பிடென் இழப்புன்னே வரட்டும், அடுத்த வாரம் என்ன செய்யறதுன்னு அது சொல்லாது. பிஎஸ்ஏ ரெட்டிப்பாக எத்தனை மாசம்ங்கிறதுதான் சொல்லும். அதுக்கு ஒரே லேப்ல குறைஞ்சது மூணு எண் வேணும். அவருக்கு இருக்கிறது மூணுதான்.

மைக்ரோடோம்:
திசு வெச்ச மெழுகு பிளாக் இருக்கா, இல்ல தூக்கிப் போட்டாச்சா?