கொஹாக்கு கோய் மீனோட வெள்ளை மஞ்சளாகுது: போர் தண்ணியா, தீவனமா?

அவிநாசி_தொட்டி:
வணக்கமுங்க. சிமெண்ட் தொட்டி, 8க்கு 5 அடி, தண்ணி 4 அடி நிக்கும். கணக்குப் போட்டா 4,500 லிட்டர். உள்ள 14 கொஹாக்கு (வெள்ளை உடம்புல செவப்புத் திட்டு இருக்கற ஜப்பான் கோய் மீன்), எல்லாம் 10 அங்குலம். ஆறு மாசத்துக்கு முந்தி பால் மாதிரி இருந்த வெள்ளை இப்ப பழைய வேட்டி மாதிரி மஞ்சளடிக்குது. ரெண்டு மீன்ல மிளகுப்பொடி தூவின மாதிரி கருப்புப் புள்ளி. செவப்பு ஆரஞ்சுக்கு இறங்கிட்டிருக்கு.

போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்போட அளவு) 1,100. தொட்டியில 1,900, பிஎச் 8.4, மொத்த அமோனியா 0.5. பம்பு மணிக்கு 3,000 லிட்டர். தண்ணி மாத்தறதில்லை, வத்தறதை மட்டும் வாரம் ரெண்டு தடவை போர்ல இருந்து ஊத்தி நெரப்பறது. செவப்பைக் கூட்டற கலர் தீவனம் மூணு வேளை. கடையில இன்னும் கூட்டிப் போடச் சொல்றாங்க. என்ன பண்றதுங்க?

பெருந்துறை_கோய்:
மொதல்ல ஒரு சோதனை. ஒரு வெள்ளை பக்கெட்ல தொட்டித் தண்ணி, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி மொண்டு பக்கத்துல பக்கத்துல வச்சு வெயில்ல பாருங்க. தொட்டித் தண்ணியே வெளுத்த டீ நிறத்துல இருந்தா மஞ்சள்ல பாதி மீன்ல இல்லை, தண்ணியில இருக்கு. மிச்சம் போன தீவனமும் கழிவும் கரைஞ்சு வர்ற நிறம் அது. சாதா வடிகட்டியில போகாது, தண்ணியை வடிச்சு மாத்தினாத்தான் போகும்.

உங்க பிரச்சினையை அந்த ரெண்டு டிடிஎஸ் நம்பரே சொல்லுதுங்க. போர்ல 1,100, தொட்டியில 1,900. வெயில்ல ஆவியாகறது வெறும் தண்ணி. உப்பு அப்படியே தங்கிடும். அதுமேல மறுபடியும் 1,100 ஊத்தறீங்க. சாம்பார் சுண்டச் சுண்ட உப்பு கரிக்கிற கதைதான்.

வாரம் ரெண்டு தடவை அடியில குழாய் வச்சு 450 லிட்டர் வடிச்சிட்டு, குழாயில வர்ற ஆத்துத் தண்ணி ஊத்துங்க. அதுல டிடிஎஸ் 200ன்னு வச்சுக்கிட்டா, எட்டு தடவையில 1,900 சுமார் 930க்கு வந்துரும். வத்தறதையும் இதே தண்ணியில நெரப்பினாத்தான் இந்தக் கணக்கு நிக்கும். ஒரே நாள்ல பாதி மாத்தாதீங்க. பிஎச்சும் உப்பும் குதிச்சா மீன் தோல்ல சளி கக்கும், செவுள் புண்ணாகும்.

குழாய்த் தண்ணியில இருக்கற குளோரின் விஷயத்துல அசட்டை வேண்டாம். அதை முறிக்க 450 லிட்டருக்கு சோடியம் தயோசல்ஃபேட் 5 கிராம் போதும். தண்ணி தனி டிரம்ல இருக்கறப்பவே கரைச்சு விட்டுட்டு அப்புறம் தொட்டிக்கு விடுங்க.

அமோனியா 0.5 சின்ன நம்பர்தானேன்னு விடாதீங்க. 30 டிகிரியில பிஎச் 8.4ன்னா அதுல ஆறுல ஒரு பங்கு விஷமுள்ள வடிவத்துல இருக்கும். அதே அமோனியா பிஎச் 7.4ல வெறும் 2 சதவீதம்தான். தொடர்ந்து இதுல நீந்தற மீனுக்கு நிறம் எப்படி நிக்கும்? தண்ணி சரியாகற வரைக்கும் தீவனத்தைப் பாதியாக்குங்க.

உடுமலை_கூட்டுப்புழு:
பெருந்துறை அண்ணன் சொன்னதோட தீவனத்தையும் சேர்த்துப் பாருங்க. கலர் தீவனத்துல இருக்கற அஸ்டாக்சாந்தின்கற செவப்பு நிறச்சத்தும் ஸ்பைருலினாங்கற பாசியும் செவப்புத் திட்டை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்காதுங்க. அளவு மிஞ்சினா வெள்ளைத் தோல்லயும் ஏறும். மக்காச்சோளம் அதிகமா சேர்த்த மலிவுத் தீவனம்னா அந்த மஞ்சளும் சேர்ந்துக்கும். மூணு வேளைக்கு மூணும் கலர் தீவனம்னா கொஹாக்குவுக்கு அது ஜாஸ்தி. இன்னும் கூட்டச் சொன்னவர் செவப்பைத்தான் பாத்திருக்கார், வெள்ளையைப் பாக்கலை.

கலர் தீவனத்தை இப்ப முழுசா நிறுத்துங்க. சாதாத் தீவனம், கோதுமை முளை சேர்ந்ததா இருந்தா நல்லது. 10 அங்குல மீன் கால் கிலோ தேறும். 14 மீனுக்கு 3.5 கிலோ. எடையில 1 சதவீதம்னா நாளைக்கு 35 கிராம், அதுவும் ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு. தண்ணி தெளிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வேணும்னா ஒரு வேளை மட்டும் கலர் தீவனம், நாலு வாரம், அப்புறம் நிறுத்தம்.

நம்ம பக்கம் கோபி, உடுமலையில பட்டுக்கூட்டுப் புழு சல்லிசாக் கிடைக்குதுன்னு அள்ளிப் போடறவங்க இருக்காங்க. ஜப்பான்லயும் ஒரு காலத்துல போட்டதுதான். புழுவுல எண்ணெய் ஜாஸ்தி, காத்துப் பட்டா காறிப்போயிரும். காறின எண்ணெயைத் தொடர்ந்து தின்ன மீனுக்கு முதுகுச் சதை கரைஞ்சு முதுகெலும்பு துருத்திக்கும். ஜப்பான்ல அதுக்கு செக்கோக்கேன்னு பேரு. வாடை வந்த புழுவைத் தென்னைக்கு உரமாப் போடுங்க.

சிறுவாணிக்காரன்:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஒண்ணுல மட்டும் எச்சரிக்கை. உப்பு குறையணும்னு யாராவது ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ மட்டும் ஊத்தச் சொன்னா கேக்காதீங்க. அதுல கார்பனேட் கடினம் கிடையாது. வடிகட்டியில இருக்கற பாக்டீரியா அமோனியாவைத் தின்னத் தின்ன அந்தக் கடினத்தைச் செலவழிக்கும். அது தீர்ந்தா ராத்திரியோட ராத்திரியா பிஎச் கவுந்துரும். கேஎச் (அந்தக் கார்பனேட் கடினத்தோட அளவு) 6க்குக் கீழ போகாமப் பாத்துக்கங்க. சிறுவாணி மாதிரி மெல்லிசான தண்ணி வர்ற வீட்லயும் இதே கவனம் வேணும். வடிகட்டியில ஒரு பை சிப்பி ஓடு போட்டா மெதுவாக் கரைஞ்சு தாங்கும்.

கருப்புப் புள்ளிக்கு ஷிமின்னு பேரு. கடினமான, பிஎச் ஏறின தண்ணியில கொஹாக்குவுக்கு வர்றது சகஜம். நகத்துல சுரண்டற வேலை வேண்டாம். தண்ணி மாறினா சிலது தானா மங்கும், சிலது நின்னுக்கும்.

செவப்பு இறங்குதுன்னு சொல்றதுல ரெண்டு விதம் இருக்குங்க. திட்டோட பின் ஓரம் கத்தியில வெட்டின மாதிரி நிக்குதா பாருங்க, அது கிவா. முன் ஓரம் ஒரு செதில் அகலத்துக்கு மங்கலா, உள்ள இருக்கற செவப்பு வெள்ளைச் செதிலுக்கு அடியில தெரியும், அது சாஷி. அது குறையில்லை, இளம் மீன்ல இருக்க வேண்டியதுதான். திட்டுக்கு நடுவுல செதில் செதிலா வெளுத்து ஜன்னல் விழுந்தா அது நிஜமான தேய்வு. அந்த மீன் திரும்பறது கஷ்டம், ஒதுக்கிருங்க.

இன்னொண்ணு, ஜப்பான்ல கோய் வளர்க்கற நீகாட்டா பக்கத்துப் பனியில மீன் வளர்ச்சி நின்னு செவப்பு இறுகும். இங்க மார்கழிலயும் அந்தக் குளிர் கிடையாது. மீன் வருஷம் முழுக்க வளரும், தோல் விரிய விரிய அதே செவப்பு பரவி மெலிசாகும். அதனால வாங்கறப்பவே ஆரஞ்சா இருந்தாலும் பரவாயில்லை, ஒரே சீராப் பரவின செவப்பா, சுத்தமான வெள்ளையாப் பாருங்க. குட்டியிலயே மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கறது நம்ம வெயில்ல சீக்கிரம் உடைஞ்சுரும்.

பெருந்துறை_கோய்:
விட்டுப்போனது: 14 மீன் இந்தத் தொட்டிக்கு ஜாஸ்தி. 20 அங்குலம் ஆகறப்ப மீனுக்கு 1,000 லிட்டர் வேணும். நல்ல வெள்ளையா நாலு வச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துருங்க. பம்பு தூக்கற உயரத்துக்கு 3,000ங்கறது 2,000 தான் வரும், மணிக்கு ஒரு சுத்து வர்ற மாதிரி மாத்துங்க. மேல 50 சதவீத நிழல் வலை. சித்திரையில தண்ணி 35 டிகிரி தொட்டா கரையற ஆக்சிஜனே லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான், 20 டிகிரியில 9. விடியக்காலம்தான் ரொம்பக் குறையும், அந்நேரத்துக்குக் கரண்ட் போனா ஏர் பம்பு இன்வெர்ட்டர்ல ஓடணும்.

அவிநாசி_தொட்டி:
பக்கெட் வச்சுப் பாத்தேனுங்க, தொட்டித் தண்ணி டீ நிறம்தான். இன்னைக்கு 450 வடிச்சாச்சு. கேஎச் 14 காட்டுது.